கிரேக்கத்துக்கும் ஜார்ஜியத்துக்கும் நடுவே: ஆதோஸ் மலைத் துறவி யூதிமியுஸ்

ஜார்ஜிய மொழிக்கு நூற்றுக்கும் மேற்பட்ட நூல்களைத் தந்த துறவி யூதிமியுஸுக்குச் சிறுவயதில் ஜார்ஜியமே சரியாக வரவில்லை. பைசாந்தியத் தலைநகரான கான்ஸ்தாந்திநோபிளில், பிணையாக வைக்கப்பட்ட பிள்ளைகளில் ஒருவராக அவர் வளர்ந்தார். படித்தது கிரேக்கம், பேசியது கிரேக்கம். பிற்காலத்தில் ஜார்ஜியர்கள் அவரை எக்வ்திமே ம்தத்ஸ்மின்தெலி, அதாவது புனித மலையின் எக்வ்திமே என்று அழைத்தார்கள். அந்த நாட்டின் இலக்கிய வரலாற்றை எழுதுகிற எவரும் அவரைத் தாண்டிப் போக முடியாது. ஜார்ஜியாவுக்கு வெளியே அவர் பெயரை யாராவது கேள்விப்பட்டிருந்தால், அது வேறொரு காரணத்துக்காக இருக்கும். புத்தரின் வாழ்க்கைக் கதை கிறித்தவ வேடமிட்டு ஐரோப்பாவுக்குள் நுழைந்தபோது அதற்குக் கதவைத் திறந்துவிட்டவர் அவர்.

இந்த இரண்டையும் தனித்தனியாகச் சொல்வதுதான் வழக்கம். ஜார்ஜிய வரலாற்றாசிரியர்கள் முதலாவதையும், உலக இலக்கியம் பேசுகிறவர்கள் இரண்டாவதையும் எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு இரண்டும் ஒரே கையின் வேலையாகவே தெரிகின்றன. மூல நூலுக்குக் காட்டிய விசுவாசத்தைவிட, எதிரே உட்கார்ந்து படிக்கப்போகிறவர் மேல் அதிக அக்கறை காட்டிய மொழிபெயர்ப்பாளர் அவர். ஜார்ஜியத்தில் அவர் வெட்டிச் சுருக்கியதற்கும், கிரேக்கத்தில் சேர்த்துப் பெருக்கியதற்கும் காரணம் அதுவே.

அவர் வாழ்க்கையைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி ஒரே நூலிலிருந்து வருகிறது. யூதிமியுஸும் அவருடைய தந்தை யோவானும் வாழ்ந்த வரலாற்றை, அதே மடாலயத்தைச் சேர்ந்த ஜார்ஜி என்ற துறவி 1045-ஐ ஒட்டி எழுதினார். யூதிமியுஸ் இறந்து இருபது ஆண்டுகள்கூட ஆகாத காலம் அது. அவருடன் பழகியவர்கள் உயிரோடு இருந்தார்கள். புனிதர் வரலாறு என்பதால் அற்புதங்கள் இருக்கும், எதிரிகள் எல்லாரும் கெட்டவர்களாக இருப்பார்கள். ஆனால் நிலம், பணம், அரசாணை பற்றிப் பேசும்போது ஜார்ஜி கணக்குப்பிள்ளையின் கறாருடன் எழுதுகிறார். அந்த இடங்களை நம்பலாம்.

இன்றைய துருக்கியின் வடகிழக்கு மூலையில், பத்தாம் நூற்றாண்டில் தாவோ என்றொரு ஜார்ஜிய அரசு இருந்தது. பைசாந்தியப் பேரரசின் அணைப்பிலும் அச்சுறுத்தலிலும் மாறி மாறி வாழ்ந்த எல்லை நாடு. அங்கே தாவித் என்ற மன்னரின் அவையில் பிரபுவாக இருந்தவர் யோவான். ஏறக்குறைய 955-இல் யூதிமியுஸ் பிறந்தார். மகன் சிறு பிள்ளையாக இருக்கும்போதே யோவான் வீட்டைத் துறந்தார். முதலில் உள்ளூரில் நான்கு தேவாலயங்கள் எனப்பட்ட மடத்தில் சேர்ந்தார். பிறகு, பெயர் தெரியாத ஊரில் பெயர் தெரியாதவனாக இருக்க விரும்பி, இன்றைய துருக்கியின் வடமேற்கில், பித்தினியாவின் ஒலிம்பஸ் மலைக்குப் போய்விட்டார்.

எல்லை நாட்டுப் பிரபுக்களின் பிள்ளைகளைத் தலைநகரில் பிணையாக வைத்துக்கொள்வது பேரரசின் பழைய வழக்கம். யூதிமியுஸின் தாய்வழிச் சுற்றத்தார், பிணைப்பிள்ளைகளோடு அவனையும் அனுப்பிவிட்டார்கள். செய்தி கேட்ட யோவான் மலையை விட்டு இறங்கித் தலைநகருக்கு வந்து பிள்ளையைக் கேட்டார். மாமனார் தர மறுத்தார். உனக்கு வேறு மகன்களே இல்லையா என்று ஒரு பக்கம், துறவிக்குப் பிள்ளை எதற்கு என்று இன்னொரு பக்கம் என வழக்கு நீண்டு பேரரசரிடம் போனது. பிள்ளையை நடுவில் விடுங்கள், யாரிடம் போகிறானோ அவரே வைத்துக்கொள்ளட்டும் என்று தீர்ப்பாயிற்று. பெயருக்குக்கூடப் பழக்கமில்லாத தந்தையிடம் பிள்ளை ஓடினான் என்று ஜார்ஜி எழுதுகிறார். புனிதர் வரலாற்றில் பிள்ளை வேறெங்கே ஓடும் என்று கேட்கத் தோன்றலாம். ஆனால் பேரரசரின் அவைவரை போன குடும்பத் தகராறு என்பது எந்தப் புனிதருக்கும் கற்பித்துச் சேர்க்கக்கூடிய பெருமை இல்லை.

மொழி விஷயம் இதற்குப் பிறகு வருகிறது. சிறுவன் கடும் நோயில் விழுந்து பிழைப்பானா என்ற நிலைக்குப் போனான். தந்தை மரியன்னை தேவாலயத்தில் விழுந்து அழுது வேண்டிவிட்டுத் திரும்பினால், மகன் எழுந்து உட்கார்ந்திருக்கிறான். ஓர் அரசி வந்து என் கையைப் பிடித்தாள், ஜார்ஜிய மொழியிலேயே பேசினாள், உனக்கு ஒன்றுமில்லை, எழுந்திரு, இனி ஜார்ஜியத்தில் தங்குதடையின்றிப் பேசு என்றாள் என்று சொன்னானாம். அதுவரை திக்கித் திணறிய மொழி அன்றுமுதல் ஊற்றாகப் பெருகியது என்கிறது வரலாறு. அற்புதத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும் ஓர் உண்மை மிஞ்சுகிறது: இந்த மனிதரின் ஜார்ஜியம், வளர்ந்த பிறகு முயன்று மீட்டெடுத்த மொழி. கிரேக்கமோ தலைநகரின் பள்ளிக்கூடத்தில் ஊறியது. இரு மொழிகளையும் சற்று வெளியே நின்று பார்க்கிற பார்வை அவருக்குச் சிறுவயதிலேயே வாய்த்துவிட்டது.

தந்தைதான் அவரை மொழிபெயர்ப்பில் இறக்கினார். மகனே, கார்த்லி நாட்டில், அதாவது ஜார்ஜியாவில், நூல்கள் மிகவும் குறைவு, பல நூல்கள் நம்மிடம் இல்லவே இல்லை, கடவுள் உனக்குத் தந்த கொடையை வீணாக்காதே என்ற பொருளில் யோவான் சொன்னதாக வருகிறது. ஜார்ஜியத்தில் அதுவரை ஒன்றுமே இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. ஐந்தாம் நூற்றாண்டிலிருந்தே எழுத்தும் விவிலியமும் தியாகிகளின் வரலாறுகளும் இருந்தன. அவற்றில் பல ஆர்மீனியம், சிரியாக், அரபி வழியாக, பாலஸ்தீனத்து மடங்களிலும் சினாய் மலையிலும் உருவானவை. பத்தாம் நூற்றாண்டில் சமய அறிவின் மையம் கான்ஸ்தாந்திநோபிளுக்கு நகர்ந்துவிட்டிருந்தது. அங்கே நாள்தோறும் வாசிக்கப்பட்ட உரைகளும் விளக்கங்களும் சட்டத் தொகுப்புகளும் ஜார்ஜியத்தில் இல்லை. கிழக்கு நோக்கியிருந்த ஒரு நூலகத்தை மேற்கு நோக்கித் திருப்ப வேண்டியிருந்தது.

தந்தையும் மகனும் 965-ஐ ஒட்டி கிரீஸின் ஆதோஸ் மலைக்கு வந்தார்கள். அப்போது அங்கே அதனாசியுஸ் என்பவர் 963-இல் நிறுவிய பெரிய லாவ்ரா மடாலயம் வளர்ந்துகொண்டிருந்தது. தாவோவின் முன்னாள் பிரபு அங்கே சமையற்கட்டில் வேலை பார்த்தார். கொஞ்ச காலத்தில் அவருடைய உறவினரான தோர்னிகேயும் வந்து துறவியானார். அவர் துறவறத்துக்கு முன்பு படைத்தலைவர். கதை இங்கேதான் திரும்புகிறது.

976-இல் பேரரசின் கிழக்குப் படைத்தலைவர் பார்தாஸ் ஸ்க்லேரோஸ் கலகம் செய்தார். ஆசியப் பகுதி முழுவதும் அவர் கைக்குப் போனது. அரியணையில் இருந்த இரண்டாம் பசிலுக்கு அப்போது பதினெட்டு வயதுதான். படை வேண்டும், தாவோவின் தாவித்திடம் குதிரைப்படை இருக்கிறது, அவரிடம் போய்ப் பேச, அவர் மதிக்கிற ஒருவர் வேண்டும். ஆதோஸ் மலையில் ஒரு பழைய ஜார்ஜியப் படைத்தலைவர் துறவியாக இருக்கிறார் என்ற செய்தி அரண்மனைக்கு எட்டியது. தோர்னிகே மறுத்தார். அதனாசியுஸும் யோவானும் வற்புறுத்தினார்கள். கடைசியில் தோர்னிகே தலைநகருக்குப் போய், அங்கிருந்து தாவோவுக்குப் போய், தாவித் கொடுத்த 12,000 குதிரை வீரர்களுக்குத் தலைமை தாங்கினார். 979-இல் ஸ்க்லேரோஸ் தோற்று, எல்லை தாண்டி முஸ்லிம் ஆட்சிப் பகுதிக்குள் ஓடினார்.

தோர்னிகே மலைக்குத் திரும்பும்போது வெறுங்கையோடு வரவில்லை. பன்னிரண்டு கெந்தினாரியம் பொன்னும் விலையுயர்ந்த பொருட்களும் கொண்டுவந்தார். ஒரு கெந்தினாரியம் என்பது நூறு ராத்தல். பைசாந்திய ராத்தல் நம்முடைய கிலோவில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. ஆக ஏறத்தாழ 380 கிலோ பொன். பேரரசரும் நிலங்களை எழுதிக் கொடுத்தார். அந்தச் செல்வத்தில் எழுந்ததுதான் இவிரோன் மடாலயம். ஜார்ஜியர்களைக் கிரேக்கர்கள் ஐபீரியர்கள் என்று அழைத்தார்கள். இவிரோன் என்றால் ஐபீரியர்களுடைய மடம். ஆதோஸ் மலையில் அது இன்றும் இருக்கிறது.

இந்தப் போர்க்கதைக்கு இவ்வளவு இடம் கொடுப்பதற்குக் காரணம் உண்டு. மொழிபெயர்ப்புப் பணியை ஒரு மேதையின் தனிமைத் தவமாகச் சித்திரிப்பது எளிது. ஒரு பெரிய நூலைப் படியெடுக்க ஆட்டு மந்தை அளவுக்குத் தோல் வேண்டும். மாதக்கணக்கில் எழுதுகிறவருக்குச் சோறு போட வேண்டும். மூலப் பிரதிகளைத் தலைநகரில் தேடி வாங்க வேண்டும். இவற்றுக்கெல்லாம் பணம் வந்தது ஓர் உள்நாட்டுப் போரின் கொள்ளையிலிருந்து. நூல்களைப் படியெடுக்க வந்தவர்களும் சாதாரணமானவர்கள் அல்லர். நினோத்ஸ்மிந்தாவின் ஆயராக இருந்த அர்சேன் பதவியைத் துறந்துவிட்டு, நண்பர் யோவான் கிர்த்செலிஸ்த்சேயுடன் ஆதோஸுக்கு வந்து எழுத்தராக உட்கார்ந்தார். போர் நடந்த அதே காலத்தில், 978-இல், தோர்னிகேயின் செலவில் தாவோவின் ஓஷ்கி மடத்தில் ஒரு பெரிய விவிலியப் பிரதி எழுதப்பட்டு ஆதோஸுக்கு வந்து சேர்ந்தது. வாளும் எழுதுகோலும் ஒரே பையில் இருந்தன.

985-ஐ ஒட்டி தோர்னிகே இறந்தார். யோவானுக்கு மடம், நிலம், வழக்கு, வருகையாளர் எல்லாம் அலுத்துவிட்டன. அவர் செய்த ஒரு காரியம் எனக்கு மிகவும் பிடித்தது. ஸ்பெயினிலும் ஐபீரியர்கள் இருக்கிறார்கள் என்று எங்கோ கேள்விப்பட்டு, அவர்களும் நம் இனத்தாராகத்தான் இருப்பார்கள் என்று நம்பி, மகனையும் சில சீடர்களையும் கூட்டிக்கொண்டு ஸ்பெயினுக்கே புறப்பட்டுவிட்டார். தார்தனெல்ஸ் கடலிடுக்கில் உள்ள அபிதோஸ் துறைமுகம்வரை போனார்கள். அங்கிருந்த அதிகாரி அரண்மனைக்குத் தகவல் அனுப்ப, சமாதானம் செய்து திருப்பி அனுப்பினார்கள். கப்பல் கிடைத்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இருந்திருக்காது.

இந்தச் சலசலப்புகளுக்கு நடுவேதான் யூதிமியுஸ் எழுதிக்கொண்டிருந்தார். பகலில் மடத்து வேலை, இரவில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் மொழிபெயர்ப்பு. மலையிலும் தலைநகரிலும் வழிப்பயணத்திலும் எழுதியதாக ஜார்ஜி சொல்கிறார். முதலில் முடித்த சில நூல்களைத் தாவித் மன்னருக்கு அனுப்பினார்கள். படித்துப் பார்த்த மன்னர், நம் காலத்தில் ஒரு புதிய பொன்வாய் யோவான் தோன்றியிருக்கிறார் என்று மகிழ்ந்து, நிறுத்தாமல் அனுப்பச் சொல்லி மடல்மேல் மடல் எழுதினாராம். நான்காம் நூற்றாண்டின் புகழ்பெற்ற மறையுரையாளர் பொன்வாய் யோவானின் மத்தேயு நற்செய்தி விளக்கமே யூதிமியுஸ் மொழிபெயர்த்த பெரிய நூல்களில் ஒன்று என்பதால், அந்தப் பாராட்டில் ஒரு பொருத்தமும் இருக்கிறது.

பட்டியல் நீளமானது. பெரிய பசிலின் நூல்கள், நாசியான்சு கிரகோரியின் உரைகள், மாக்சிமுஸின் இறையியல், யோவான் கிளிமாக்குஸின் துறவற நூலான 'ஏணி', திருச்சபைச் சட்டத் தொகுப்பு, புனிதர் வரலாறுகள், வழிபாட்டு நாட்காட்டி. ஒவ்வொன்றையும் விவரித்தால் நூலக அட்டவணைபோல் ஆகிவிடும். ஒன்றை மட்டும் கிட்டே போய்ப் பார்க்கலாம்.

விவிலியத்தின் கடைசி நூலான திருவெளிப்பாடு அதுவரை ஜார்ஜியத்தில் இல்லை. கிழக்குத் திருச்சபைகள் அதை வழிபாட்டில் வாசிப்பதில்லை. அதன் மேல் நெடுங்காலம் ஐயமும் இருந்தது. எழுதலைகளும் பத்துக் கொம்புகளும் கொண்ட விலங்கு, கிண்ணங்கள், எக்காளங்கள் என்று வரும் நூலை விளக்கமில்லாமல் கையில் கொடுத்தால் படிப்பவர் தலை சுற்றும். யூதிமியுஸ் அதைத் தனியாக மொழிபெயர்க்கவில்லை. செசரியாவின் ஆந்திரேயா எழுதிய விளக்கவுரையோடு சேர்த்துத் தந்தார். ஜார்ஜியர்கள் திருவெளிப்பாட்டை முதன்முதலில் படித்தபோதே விளக்கத்தோடுதான் படித்தார்கள். இந்த மொழிபெயர்ப்பின் பிரதி ஒன்றில் 978 என்ற ஆண்டு இருக்கிறது. மொழிபெயர்ப்பாளருக்கு அப்போது வயது இருபத்து மூன்றோ நான்கோ. விளக்கவுரையையும் அவர் அப்படியே பெயர்க்கவில்லை. வேண்டாததைத் தள்ளி, வேண்டியதைச் சுருக்கி, தேவைப்பட்ட இடத்தில் தானே சேர்த்து எழுதினார்.

இதுதான் அவருடைய பாணி. பல ஆசிரியர்களின் பகுதிகளை எடுத்து ஒன்றாகக் கோத்து 'வழிகாட்டி' என்ற பெயரில் ஓர் இறையியல் கையேட்டையே ஆக்கினார். எட்டாம் நூற்றாண்டு இறையியலாளரான தமாஸ்கஸ் யோவானின் நூல்தான் அதன் முதுகெலும்பு. நூறு ஆண்டுகளுக்குப் பிறகு வந்த எப்ரேம் ம்த்சிரே என்ற மொழிபெயர்ப்பாளருக்கு இதை விளக்கும் வேலை வந்து சேர்ந்தது. அந்தியோக்கியாவுக்கு அருகே கருமலை எனப்பட்ட இடத்தில் இருந்த எப்ரேம், மூலத்தோடு சொல்லுக்குச் சொல் ஒட்டி நிற்கிற பள்ளியைச் சேர்ந்தவர். யூதிமியுஸ் ஏற்கெனவே செய்த கிரகோரியின் உரைகளை அவர் திரும்ப மொழிபெயர்த்தார். பெரியவர் செய்ததை ஏன் திரும்பச் செய்கிறாய் என்ற கேள்விக்கு எப்ரேம் தந்த பதில் நயமானது. கூட்டவும் குறைக்கவும் யூதிமியுஸுக்கு அருள் இருந்தது. அன்று நம் இனம் குழந்தைப் பருவத்தில் இருந்ததால் பால் புகட்டினார். இன்று கெட்டியான உணவு கேட்கிறார்கள் என்றார். மரியாதையும் திருத்தமும் ஒரே மூச்சில். முன்னோரை மறுக்க விரும்புகிறவர்கள் கற்றுக்கொள்ள வேண்டிய கலை.

எப்ரேம் சொன்னதில் ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது. பால் என்பதால் யூதிமியுஸின் நூல்கள் எளிமையானவை என்று நினைத்துவிடக் கூடாது. மாக்சிமுஸை மொழிபெயர்க்க எடுத்துக்கொண்டவரை யாரும் எளிமை தேடியவர் என்று சொல்ல முடியாது. எதை, எவ்வளவு, எந்த வரிசையில் கொடுப்பது என்று அளந்தார், அவ்வளவே.

1005-ஐ ஒட்டித் தந்தை இறந்ததும் மடாதிபதிப் பொறுப்பு யூதிமியுஸின் தலையில் விழுந்தது. இவிரோன் மட்டுமன்றி, அதனாசியுஸின் ஏற்பாட்டின்படி லாவ்ரா மடத்தையும் மேற்பார்க்க வேண்டியிருந்தது. நிலத் தகராறு, துறவிகளின் சண்டை, கிரேக்கருக்கும் ஜார்ஜியருக்கும் உரசல். அதற்கு முன்பே அவருடைய சொந்த நாடும் மறைந்திருந்தது: 1000-இல் தாவித் வாரிசின்றி இறக்க, தாவோவை இரண்டாம் பசில் பேரரசோடு சேர்த்துக்கொண்டார். தோர்னிகே காப்பாற்றிக் கொடுத்த அதே பசில். யூதிமியுஸ் 1019-இல் மடாதிபதிப் பதவியை விட்டார். எழுத்து வேலைக்கு நேரம் வேண்டியிருந்தது.

1028-இல் பேரரசர் எட்டாம் கான்ஸ்தாந்தினின் அழைப்பில் தலைநகருக்குப் போனார். கோவேறு கழுதை மேல் ஏறி ஊருக்குள் சென்றுகொண்டிருந்தபோது, கந்தல் உடுத்திய பிச்சைக்காரர் ஒருவர் தர்மம் கேட்டுச் சட்டென்று எழுந்தார். கழுதை மிரண்டு, எழுபது வயதைத் தாண்டிய துறவியைக் கீழே தள்ளியது. மே 13 அன்று இறந்தார். ஜார்ஜியத் திருச்சபை அவருடைய நினைவு நாளை அன்றே கொண்டாடுகிறது. அவர் போன கையோடு மடத்துக்குச் சோதனை வந்தது. அப்போதைய மடாதிபதி பேரரசருக்கு எதிரான சதியில் சம்பந்தப்பட்டதாக 1029-இல் நாடு கடத்தப்பட்டார். மடத்தின் சொத்துகள் பறிபோயின. பின்னர் மடாதிபதியாக வந்து அவற்றை மீட்கப் பாடுபட்டவர்களில் ஒருவர்தான் யூதிமியுஸின் வரலாற்றை எழுதிய ஜார்ஜி. நற்செய்தி நூல்களைக் கிரேக்கத்தோடு ஒப்பிட்டுத் திருத்தி, ஜார்ஜியத் திருச்சபை நூற்றாண்டுகளாகப் பயன்படுத்திய வடிவத்தைத் தந்தவரும் அவரே. ஆதோஸ், கருமலை, பிறகு 1106-இல் ஜார்ஜிய மன்னர் நான்காம் தாவித் நிறுவிய கெலாத்தி மடம் என்று அந்த வரிசை தொடர்ந்தது. கெலாத்தியோடு பெயர் சேர்த்துப் பேசப்படும் யோவான் பெத்ரித்ஸி, பழைய கிரேக்கத் தத்துவஞானி புரோக்ளுஸின் நூலையே ஜார்ஜியத்தில் கொண்டுவந்தார்.

இனி அந்த எதிர்த்திசைப் பயணம்.

ஜார்ஜி எழுதிய வரலாற்றில், போகிறபோக்கில் ஒரு வரி வருகிறது: 'பாலாவரி', 'அபுகுரா' உள்ளிட்ட சில நூல்களை யூதிமியுஸ் ஜார்ஜியத்திலிருந்து கிரேக்கத்துக்கு மொழிபெயர்த்தார். அவ்வளவுதான். நூற்றுக்கும் மேற்பட்ட நூல்களைக் கிரேக்கத்திலிருந்து கொண்டுவந்தவர், பதிலுக்குக் கொடுத்தது ஒரு கைப்பிடி. அந்தக் கைப்பிடியில் ஒன்றான 'பாலாவரி'தான் இடைக்கால ஐரோப்பா விரும்பிப் படித்த கதைகளில் ஒன்றானது.

கதை நமக்குத் தெரிந்ததுதான். அரசனுக்கு நெடுநாள் தவமிருந்து மகன் பிறக்கிறான். இவன் உலகை ஆளமாட்டான், துறப்பான் என்று சோதிடர் சொல்கிறார். முதுமையும் நோயும் சாவும் கண்ணில் படாதபடி அரண்மனைக்குள் அடைத்து வளர்க்கிறார்கள். இளைஞன் வெளியே வந்து நோயாளியையும் கிழவரையும் பார்த்துவிடுகிறான். இதுவரை சித்தார்த்தன். அடுத்து, வணிகர் வேடத்தில் ஒரு துறவி வருகிறார். விலைமதிப்பற்ற மணி ஒன்று வைத்திருப்பதாகச் சொல்லி உள்ளே நுழைந்து, கதைகதையாகச் சொல்லி இளவரசனை மாற்றுகிறார். இந்தியக் கதை ஈரானிய மொழிகள் வழியாக அரபிக்கு வந்தபோது துறவியின் பெயர் பிலவ்ஹர், இளவரசன் பெயர் பூதாசஃப். அரபியில் ப, ய இரண்டுக்கும் வேறுபாடு ஒரு புள்ளிதான். ஒரு புள்ளி கூடியதில் போதிசத்துவர் யூதாசஃப் ஆகி, ஜார்ஜியத்தில் இயோதாசஃப் ஆகி, மேற்கே யோசபாத் ஆனார். பிலவ்ஹர் அங்கே பர்லாம் ஆனார். அரபி வடிவத்தில் கதை பொதுவான துறவறம் பேசுகிறது. அதற்குக் கிறித்தவ ஞானஸ்நானம் செய்வித்தது ஜார்ஜியம். 'பாலாவரியானி' என்ற அந்த வடிவம் யூதிமியுஸுக்கு முன்பே இருந்தது. அதன் நீண்ட வடிவத்தின் பதினோராம் நூற்றாண்டுப் பிரதி ஜெருசலேமின் கிரேக்கத் தலைமை ஆயரக நூலகத்தில் இருக்கிறது. 1957-இல் இலியா அபுலாத்செ அதைப் பதிப்பித்தார்.

அந்தத் துறவி சொல்லும் கதைகளில் ஒன்றைத் தமிழ் வாசகர் உடனே அடையாளம் காண்பார். மதம் பிடித்த யானைக்கு அஞ்சி ஓடியவன் பாழுங்குழிக்குள் விழுந்து, ஒரு பிடிப்பைப் பற்றித் தொங்குகிறான். கீழே பாம்பு. அந்த நிலையில் மேலிருந்து சொட்டும் தேன்துளியை நக்கிச் சுவைக்கிறான். மனிதர் இன்பம் அவ்வளவுதான் என்கிறது நம் சூளாமணி. மகாபாரதத்திலும் அது உண்டு. கிரேக்க வடிவத்தில் துரத்துவது யானை அன்று, ஒற்றைக்கொம்பு விலங்கு. தேன் அப்படியே இருக்கிறது. இத்தாலியின் பார்மா நகரில், ஞானஸ்நானக் கோயிலின் வாயிலுக்கு மேல் இந்தக் காட்சி கல்லில் செதுக்கப்பட்டிருக்கிறது.

கிரேக்கத்தில் யூதிமியுஸ் கதையை எப்படி மாற்றினார் என்பதில்தான் நான் முதலில் சொன்னது விளங்கும். ஜார்ஜியக் கதை இறுக்கமானது, விரைவாக நகர்வது. கிரேக்கக் கதை பல மடங்கு பருத்தது. பக்கத்துக்குப் பக்கம் விவிலிய மேற்கோள்கள், திருச்சபைத் தந்தையரின் வரிகள், உருவ வழிபாடு பற்றிய வாதங்கள், அரசனுக்கு அறிவுரைகள். ஜார்ஜியப் படிப்பாளிக்குச் சுருக்கித் தந்த கை, தலைநகரின் படித்த கிரேக்கருக்குப் பந்தி விரித்துப் பரிமாறுகிறது. காட்டு நாட்டிலிருந்து வந்த ஒரு கதையைக் கிரேக்க அறிஞர்கள் மதித்துப் படிக்க வேண்டுமானால் அது அவர்களுடைய உடையில்தான் வர வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

ஓர் இடத்தைப் பார்ப்போம். இளவரசனை மீட்க அரசன் ஒரு சூழ்ச்சி செய்கிறான். நாகோர் என்ற கிழவனைத் துறவி பர்லாம்போல் வேடமிடச் செய்து, பொது வாதத்தில் வேண்டுமென்றே தோற்கச் சொல்கிறார்கள். விஷயம் தெரிந்துகொண்ட இளவரசன், நீ தோற்றால் உன் நாக்கை அறுப்பேன் என்று மிரட்டுகிறான். நாகோர் வாயைத் திறந்ததும் கிறித்தவத்துக்காக ஓர் அருமையான வாதம் கொட்டுகிறது. எதிரிகள் வாயடைத்துப் போகிறார்கள். கதைக்கு நல்ல திருப்பம். நூற்றாண்டுகளாகப் படித்தவர்கள் அப்படித்தான் நினைத்தார்கள். 1889-இல் சினாய் மலை மடத்தில், இரண்டாம் நூற்றாண்டு ஏதென்ஸ் தத்துவஞானி அரிஸ்தீதேஸ் பேரரசருக்கு எழுதிய, தொலைந்துபோனதாகக் கருதப்பட்ட விண்ணப்ப நூலின் சிரியாக் வடிவத்தை ரெண்டெல் ஹாரிஸ் கண்டெடுத்தார். அதைப் படித்த ஆர்மிட்டேஜ் ராபின்சனுக்கு எங்கோ பார்த்த நினைவு. நாகோரின் பேச்சுதான் அது. தொலைந்த நூலின் கிரேக்க மூலம், ஒரு கதாபாத்திரத்தின் வாயில், எல்லார் கண்முன்னும் இருந்திருக்கிறது. கோத்துச் சேர்ப்பதில் யூதிமியுஸுக்கு இருந்த பழக்கம் இல்லாவிட்டால் அது மிஞ்சியிருக்காது.

கிரேக்கத்திலிருந்து 1048-இல் முதல் இலத்தீன் மொழிபெயர்ப்பு கான்ஸ்தாந்திநோபிளிலேயே வந்தது. அடுத்த நூற்றாண்டில் வந்த இன்னொரு இலத்தீன் வடிவம் கதையை ஐரோப்பிய மொழிகளுக்குள் பரப்பியது. ஐஸ்லாந்துவரை போனது. கதைக்குள் வரும் பெட்டிகளின் உவமை, பொன் பூசிய பெட்டியில் எலும்பும் கீல் பூசிய பெட்டியில் மணிகளும் இருப்பது, பல கைகள் மாறி ஷேக்ஸ்பியரின் வெனிஸ் வணிகன் நாடகத்தில் வந்து நிற்கிறது. 1583-இல் உரோமைத் திருச்சபையின் புனிதர் பட்டியலில் பர்லாமும் யோசபாத்தும் நவம்பர் 27-க்கு உரியவர்களாக இடம்பெற்றார்கள். 1591-இல் ஜப்பானில் இயேசு சபையார் அச்சிட்ட புனிதர் வரலாறுகளிலும் இருக்கிறார்கள். புத்த நாட்டுக்குப் புத்தர் கதையையே புனிதர் கதையாகக் கொண்டுபோயிருக்கிறார்கள். ஆசியாவில் வாழ்ந்த போர்த்துகீசிய வரலாற்றாசிரியர் தியோகோ தோ கூத்தோ, இலங்கையின் சிவனொளிபாத மலையைப் பற்றி எழுதும்போதே இரு கதைகளின் ஒற்றுமையைக் கவனித்துவிட்டார். ஆனால் யோசபாத்தின் நினைவுதான் புத்தராக மாறியது என்று தலைகீழாக முடிவு கட்டினார். ஐரோப்பிய அறிஞர்கள் சரியான வரிசையைப் பிடித்தது 1859, 1860-இல்தான்.

இவ்வளவு பயணத்திலும் யூதிமியுஸின் பெயர் காணாமல் போனது. பல கிரேக்கப் பிரதிகளின் தலைப்பில், ஜெருசலேமுக்கு அருகிலுள்ள மார் சாபா மடத்துத் துறவி யோவான் கொண்டுவந்த கதை என்று இருந்தது. யோவான் என்ற பெயரைக் கண்டதும் மக்கள் அதைத் தமாஸ்கஸின் புகழ்பெற்ற யோவான் என்று எடுத்துக்கொண்டார்கள். பெரிய பெயர் சின்னப் பெயரை விழுங்கியது. ஆனால் வேறு சில பிரதிகளின் தலைப்பு ஐபீரியத் துறவி யூதிமியுஸ் மொழிபெயர்த்தது என்று வெளிப்படையாகவே சொல்கிறது. அவர் இறந்து இருபதே ஆண்டுகளில் எழுதப்பட்ட அந்த 1048 இலத்தீன் முன்னுரையும் காக்கசஸ் இனத்துத் துறவி ஒருவரின் பெயரைச் சற்றுச் சிதைந்த வடிவில் தருகிறது. அறிஞர் பவுல் பீட்டர்ஸ் 1931-இல் இதை எடுத்துக்காட்டினார். 1953-இல் ஜெர்மனியின் பெரிய பைசாந்திய அறிஞர் பிரான்ஸ் டோல்கர் மீண்டும் தமாஸ்கஸ் யோவானுக்காக வழக்காடினார். நடையும் மேற்கோள்களும் யோவானுடையவை என்பது அவர் வாதம். யோவானின் நூல்களை வெட்டி ஒட்டி ஜார்ஜியத்தில் ஒரு கையேடே செய்த ஒருவருக்கு, கிரேக்கத்தில் அவருடைய வரிகளைக் கோப்பது எவ்வளவு சுலபம் என்று பார்த்தால் அந்த வாதம் தளர்ந்துவிடுகிறது. யோவான் எட்டாம் நூற்றாண்டுக்காரர். அந்தக் காலத்துக்குப் பக்கத்தில் வரும் கிரேக்கப் பிரதி ஒன்றும் கிடைக்கவில்லை.

ராபர்ட் வோல்க் 2006-இலும் 2009-இலும் வெளியிட்ட விரிவான கிரேக்கப் பதிப்பு, கையெழுத்துப் பிரதிகளையெல்லாம் ஒப்பிட்டு, வழக்கை யூதிமியுஸின் பக்கம் முடித்துவைத்தது. ஆங்கிலத்தில் படிக்க விரும்புகிறவர்கள் கையில் எடுப்பதோ பெரும்பாலும் 1914-இல், பழைய கிரேக்க, இலத்தீன் நூல்களை ஆங்கிலத்தோடு தரும் லோப் வரிசையில் வந்த பதிப்பு. அதன் அட்டையில் ஆசிரியர் தமாஸ்கஸ் யோவான். 1967 மறுபதிப்புக்கு முன்னுரை எழுதிய டேவிட் மார்ஷல் லாங், ஜார்ஜிய 'பாலாவரியானி'யை ஆங்கிலத்தில் தந்தவர். கிரேக்கக் கதை ஜார்ஜியத்திலிருந்து வந்தது என்பதை உள்ளே விளக்கமாகச் சொல்கிறார். அட்டையை மட்டும் யாரும் மாற்றவில்லை.